விரலுக்குப் பின்னால் வந்த எழுத்து

என் அண்ணன் பேச ஆரம்பித்தால், அவசரமாகப் போகிறவன்கூட சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிற்பான். ஏற்றிச் சொல்லவில்லை. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால், பல குடும்பங்களுக்கு ஒரே குழாய் என்று இருந்த வீட்டில்தான் நாங்கள் வளர்ந்தோம். தண்ணீர் வருகிற நேரத்தில் குடங்களை வைத்துக்கொண்டு குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். அண்ணன் நடுவில் போய் நின்று ஏதாவது ஒன்று சொல்லுவார். சண்டை போட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதற்குள் எங்கள் குடம் நிரம்பியிருக்கும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அண்ணன் அப்படித்தான் பிழைத்தார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தவர், தலை நரைக்கும்வரை அங்கே முகூர்த்தப் புடவைப் பிரிவில் உட்கார்ந்திருந்தார். நான் காலேஜில் படித்த காலத்தில் சில நாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போவேன். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, டிபன் கேரியரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அவர் ஒரு கல்யாணப் பெண்ணின் குடும்பத்துக்கு நடுவில் இருப்பார். சாப்பாடு ஆறும். ஆறட்டும் என்று நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். அவ்வளவு சந்தோஷமான மத்தியானங்கள் எனக்கு அப்புறம் அதிகம் வாய்க்கவில்லை.

"கலர் கொஞ்சம் டல்லா கீதே" என்பாள் பெண்ணின் அம்மா.

"பொண்ணு மூஞ்சில வெளிச்சம் கீதேக்கா. புடவையிலயும் இருந்தா மாப்ள கண்ணு கூசிப் பூடும்" என்பார் அண்ணன்.

கட்டுக்கட்டாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு எதுவும் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவிடம், "இன்னும் ரெண்டு காமிச்சேன்னா, அப்பால நானே தறியில போய்க் குந்தணும் பெரிம்மா" என்பார். பெரியம்மா சிரிப்பாள். பிறகு முதலில் பார்த்த புடவையையே எடுப்பாள்.

எதிராளி வாயை மூடுவதற்குள் இவருடைய பதில் போய் விழுந்துவிடும். அதுதான் அவர் வித்தை. "ஒரு நிமிசம் லேட்டா சொன்னா அது ஜோக் இல்ல பாப்பா, தகவல்" என்று சொல்லுவார். எனக்கு அறுபது நெருங்குகிறது. அவருக்கு நான் இன்னமும் பாப்பாதான்.

போன வருஷம் அவர் தொண்டையில் கட்டி என்றார்கள். உயிரைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அண்ணன் அதற்கும் ஏதோ சொல்லி டாக்டரைச் சிரிக்கவைத்தார். வீட்டுக்கு வந்து நாங்கள்தான் அழுதோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணன் மகள் ஒரு யோசனை சொன்னாள். அப்பாவின் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த போன் அவரிடம் இருந்தது. அதில்தான் படம் நன்றாக வருகிறது என்று எல்லோரும் அதையே எடுத்து அவர் முன்னால் நீட்டினோம். "பேசுங்க, பேசுங்க" என்று அந்த மனுஷனை விடவேயில்லை. அவரும் சளைக்கவில்லை. பெட்ஷீட், துண்டு, அண்ணியின் பழைய நைட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மடியில் விரித்துப் போட்டு, முகூர்த்தப் புடவை என்று எங்களுக்கு விற்றார். "முந்திய பாருக்கா, மயிலு ஆடுது" என்று நைட்டியைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் சிரித்து, அப்படியே அழுது, மறுபடி சிரித்தோம்.

அதற்குப் பிறகு போன்தான் அவருக்கு வாய். டைப் அடித்தால் போனே வாசித்துச் சொல்லும் வசதியைப் போட்டுப் பார்த்தோம். யாரோ ஒரு பெண் ரயில்வே அறிவிப்பு செய்வதைப் போல அவர் வார்த்தைகளைச் சொன்னாள். ஒரே நாளில் அதை அணைத்துவிட்டார். அவர் அடிப்பது, பக்கத்தில் இருக்கிறவர் வாசிப்பது என்று ஏற்பாடு ஆயிற்று. பெரும்பாலும் நான்தான் வாசிப்பேன். அடையாறிலிருந்து பஸ் பிடித்து சாயந்திரமானால் மயிலாப்பூர் போய்விடுவேன். அவர் அடித்ததை அவர் தோரணையிலேயே சொல்ல எனக்குத்தான் வரும் என்று அண்ணி சொல்லுவார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. போகப்போக அந்தப் போனுக்கு என்ன கேடு வந்ததோ, எழுத்து விரலுக்குப் பின்னால் வர ஆரம்பித்தது. அவர் ஒரு வரியை அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். திரையில் முதல் சொல்கூட வந்திருக்காது. அப்புறம் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டும், நடுவில் நாலு எழுத்தை விழுங்கியிருக்கும். அழித்துவிட்டு மறுபடி அடிப்பார். அதற்குள் நாங்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்போம்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது இந்தச் சமயத்தில்தான். நிச்சயதார்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து தி.நகர் போனோம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழக்கமான கடை. ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் புடவை எடுத்துக் கொடுத்த மனுஷன், சொந்த மகளுக்காக முதல்முறையாக எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார். சேல்ஸ்மேன் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை விரித்தார். அண்ணன் பார்டரை இரண்டு விரலால் தொட்டார், முகத்தைச் சுளித்தார், போனை எடுத்து வேகமாக அடித்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'பா' என்று வந்து நின்றுவிட்டது.

"இதுவே நல்லா இருக்கு, இல்ல?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். சேல்ஸ்மேன் புடவையை மடித்து பில்லுக்கு அனுப்பிவிட்டார். அப்போது வந்து கொட்டியது: "பார்டரும் புடவையும் பேசிக்கல. ஒண்ணு தாம்பரம் ரயில்ல போவுது, ஒண்ணு பீச்சு ரயில்ல போவுது."

நேரத்துக்கு வந்திருந்தால் கடையே சிரித்திருக்கும். நான் வாசிக்க வாயெடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அழிப்பதற்கும் அந்தப் பாழாய்ப்போன போன் நேரம் எடுத்துக்கொண்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அவருக்கா தெரியாது?

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கடையை விட்டு வந்து ஓட்டலில் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். "முன்னாடியெல்லாம் சம்பந்தி நல்லாப் பேசுவாராமே" என்று மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணி உடனே அண்ணன் கையிலிருந்த போனை வாங்கி, அந்த நைட்டி வியாபாரத்தைப் போட்டுக் காட்டினார். எல்லோரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தற்செயலாகத் திரும்பினால், அண்ணன் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். போன் எங்களிடம் இருந்தது. அவர் ஏதாவது சொல்ல நினைத்திருந்தாலும் சொல்ல வழியில்லை.

அதற்கப்புறம் போனை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டார். கேட்டதற்குத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். முகூர்த்தப் புடவை எடுக்க நாள் பார்த்தார்கள். நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று கையால் ஜாடை காட்டினார். எனக்கு வந்ததே கோபம்! முகூர்த்தப் புடவையை இந்த ஆள் இல்லாமல் எடுப்பதா? அதுவும் அவர் பெற்ற மகளுக்கு?

மறுநாள் காலையிலேயே போய் அந்தப் போனைக் கையில் எடுத்தேன். நெட்டில் படித்துக்கொண்டு போயிருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், போனா அது, காயலாங்கடையா! கீபோர்டு மட்டும் மூன்று இருந்தது. மகள் ஒன்று போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு அண்ணி ஒன்று போட்டிருந்தார். மூன்றாவதில் பெரிதாக ஒரு மைக் படம், 'நீங்கள் பேசுங்கள், நான் எழுதுகிறேன்' என்று.

"குரல் போன மனுசனுக்கு இத்த எந்தப் புண்ணியவான் போட்டது?" என்று கத்தினேன்.

"நீதாம்மா போட்ட" என்றார் அண்ணி.

அண்ணனுக்குத் தோள் குலுங்கியது. பல நாளைக்கப்புறம் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

வேண்டாத இரண்டு கீபோர்டையும் எடுத்தேன். எழுத்தைத் தொட்டால் வருகிற டொக் டொக் சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்தினேன். கீபோர்டு சேர்த்து வைத்திருந்த பழைய குப்பையை, கேஷ் என்பார்களே அதை, துடைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் இன்னும் நொண்டியது. கடைசியில்தான் சிவப்பில் வந்துகொண்டிருந்த அந்த அறிவிப்பைப் பார்த்தேன். போனில் இடமே இல்லை. மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டு கிடந்தவை ஆபரேஷனுக்கு முன்னால் நாங்கள் எடுத்த வீடியோக்கள்தான். அண்ணனின் பழைய குரல் உள்ளே உட்கார்ந்துகொண்டு அவரைப் பேசவிடாமல் செய்துகொண்டிருந்தது.

"அத்த மட்டும் தொடாத" என்றார் அண்ணி. சொம்பும் கையுமாக அடுக்களையிலிருந்து வந்துவிட்டார்.

"லேப்டாப்ல காப்பி எடுத்துட்டுதான் அண்ணி அழிப்பேன்."

"எடுக்கசொல்லோ பூட்டுதுன்னா? போன தபா என் போட்டோல்லாம் அப்டிதான பூச்சு?"

அண்ணி காலையில் காய் நறுக்கும்போது பக்கத்தில் அந்த வீடியோக்களை ஓடவிட்டுக்கொண்டுதான் நறுக்குவார். சில சமயம் அதோடு சேர்ந்து பேசிக்கொண்டுகூட இருப்பார். அதை எப்படி அழி என்பது?

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். அடித்தார். நாங்கள் இருவரும் நின்றோம். வழக்கமாக அவர் பாதி அடிக்கும்போதே, காபியா, மாத்திரையா என்று ஆளாளுக்கு முந்திக்கொள்வோம். அன்றைக்கு என்னவோ இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எழுத்துகள் நின்று நின்று வந்தன. வந்து முடிந்ததும் போனை என் பக்கம் திருப்பினார்.

"நான் எங்கயும் போவல. இங்கதான் கீறேன்" என்று வாசித்தேன். "அவன்கிட்ட இன்னாத்த பேசிக்கினுகீற? என்கிட்ட பேசு."

அண்ணி சொம்பைக் கீழே வைத்தார். அண்ணன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று அழுதார். அண்ணன் எத்தனையோ தடவை சொல்லப் பார்த்திருப்பார், எழுத்து வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

சாயந்திரம் மகள் வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றினாள். அண்ணியின் திருப்திக்காக இன்னொரு இடத்திலும் ஏற்றினாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்படிக்குப் போனார். போனிலிருந்து அழித்து, ஒருமுறை அணைத்துப் போட்டோம். அண்ணன் விரலை வைத்தார். வைத்த இடத்தில் எழுத்து விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், மறுபடி அடித்தார், என்னிடம் நீட்டினார்.

"தோச கருகுது" என்று வாசித்தேன்.

அண்ணி ஓடினார். தோசை பிழைத்தது.

முகூர்த்தப் புடவைக்கு அண்ணன்தான் முதலில் கிளம்பி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். அதே கடை, அதே சேல்ஸ்மேன். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் மாப்பிள்ளையின் அம்மாவும் அண்ணன் மகளும் நடுவில் உட்கார்ந்தார்கள். நான் அண்ணனை ஒட்டி உட்கார்ந்தேன். போன் இன்றைக்கும் காலை வாரிவிட்டால் இந்த மனுஷன் இனி வாயே திறக்கமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சேல்ஸ்மேன் அரக்கு நிறத்தில் ஒன்றை விரித்தார். "சார், இது பாட்டி காலத்து டிசைன்."

அண்ணன் விரல் ஓடியது. "பாட்டி வேணாம்னு உட்டுட்டுப் போனதா?" என்று வாசித்தேன்.

சேல்ஸ்மேனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். சுதாரித்துக்கொண்டு மூன்று புடவையை ஒரே நேரத்தில் எடுத்துப் போட்டார். "மூணுமே பொண்ணுக்கு எடுப்பா இருக்கும் சார். மூணையும் எடுத்துடுங்க."

"மூணு புடவைக்கு மூணு மாப்ள நீ குடுப்பியா?" என்று அடுத்ததை வாசித்தேன்.

பக்கத்து மெத்தையில் வேறு கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் முகத்தை மூடிக்கொண்டு "அப்பா!" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாம்பழ மஞ்சள் ஒன்றைக் கையில் எடுத்து, "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று ஆரம்பித்தார்.

"அத்த தொடாதீங்க சம்பந்தியம்மா. அப்பால நீங்களே கட்டிக்கினு மணையில குந்திடுவீங்க" என்று வாசித்தேன்.

"அய்யய்ய, இன்னா சம்பந்தி நீங்க!" என்று அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்களயும் ஒரு வார்த்த பேச வுடுங்களேன்!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில், டிபன் கேரியரோடு நான் போய் நிற்கும்போது பார்த்த அதே முகம்.

"நீங்க ஒருத்தர்தானா சொல்றீங்க" என்றார் அண்ணி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கல்யாணமான நாளா நானும் அத்தயேதாங்க கேட்டுக்கினுகீறேன்."

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அதற்குள் அடுத்ததை அடித்து முடித்துவிட்டு, சீக்கிரம் வாசி என்று முழங்கையால் என்னை இடித்தார்.