அத்தையிடம் கேட்ட உத்தரவு

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் புடவை மணப்பெண்ணுக்கு இல்லை, செத்துப்போன அத்தைக்கு. கன்னியாக இறந்தவள் பூவாடைக்காரியாகக் குடும்பத்தைக் காப்பாளாம். கிணற்றடியிலிருந்து அவளைக் கலசத்தில் அழைத்து வந்து, படையல் போட்டு, யார்மேலாவது வரவழைத்து உத்தரவு கேட்ட பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். உயிரோடு இருந்தபோது அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவள் அப்பாவின் தங்கை. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில் கால் தவறிக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று வீட்டில் சொல்வார்கள்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். பக்கத்து மெஷினில் தைத்தவளைத்தான் விரும்பினேன், அவளும் என்னை. அது அம்மா கண்ணில் பட்டுவிட்டது. அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்பாவிடம், "பொண்ணுக்கு வயசாவுது, இன்னா பாத்துனு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒரே மாதத்தில் பள்ளிகொண்டா மாப்பிள்ளைக்குத் தட்டு மாற்றிவிட்டார்கள். எனக்கு அம்மாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

படையலன்று காலை பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். வழக்கமாகச் சித்தப்பா மகள்மேல்தான் வரும். அவள் கொண்டையை அவிழ்த்துத் தயாராகவே நின்றாள். ஆனால் ஆடியது அம்மா. சாமியாடுகிறவர்களைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிறவள்.

"தங்கச்சி, உத்தரவு குடும்மா," என்று அப்பா கைகூப்பினார்.

அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. யாரும் இல்லாத மூலையைப் பார்த்து, "அண்ணி," என்றாள். "பக்கத்து வூட்டுப் பொண்ணோட என்னப் பாத்துட்டு நீதான அண்ணன்கிட்ட சொன்ன? அவ இல்லாம இருக்க முடியாதுன்னு உன் கால்ல வுழுந்தனே அண்ணி. பெத்த பொண்ணையும் அதே கெணத்துல தள்ளப் போறியா?"

அத்தைக்கு இருந்த ஒரே அண்ணி என் அம்மாதான். அவள் தரையில் சாய்ந்தபோது தூக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

"பூவாடைக்காரி உத்தரவு குடுக்கல," என்று அப்பா பள்ளிகொண்டாவுக்குச் சொல்லியனுப்பினார். அதற்குமேல் அவர்களும் கேட்கவில்லை. அப்பா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்த வீட்டுப் பெண்களே ஒரு மாதிரி என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள், பேசட்டும்.

இப்போது நானும் பக்கத்து மெஷினில் தைத்தவளும் ஆம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மா மாதம் ஒருமுறை குழம்புத் தூக்கோடு வந்து, இருவருக்கும் பரிமாறிவிட்டுப் போவாள். போன முறை கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நெஜமாவே அத்தை வந்துச்சாம்மா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ எப்போடி போனா, வர்றதுக்கு?"