அருளப்பன் அண்ணாச்சி எழுதாத ஒரு வரி

சனிக்கிழமை காலை ஆமத்தூர் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றேன். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி லாரியை ஓரங்கட்டி, டிரைவர் சொன்னார்: "சார், ஒங்க அண்ணாச்சி போயிட்டாக." எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. எனக்கு இருந்ததே ஒரு அண்ணாச்சிதான். அந்த லாரியிலேயே ஏறிப் போனேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அருளப்பன் அண்ணாச்சியைக் கம்பெனி மேஸ்திரியாகத்தான் தெரியும். யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் வெள்ளைக்காரச் சர்க்காரின் குமாஸ்தாக்கள். சாத்தூருக்குத் தெற்கே, ஜில்லா எல்லையில் சோதனைச் சாவடி. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு படி அரிசியும் எல்லை தாண்டக் கூடாது. சீட்டு யாருக்குக் கிடைக்கும்? பெரிய வியாபாரிக்குக் கிடைக்கும். அவர் அரிசி லோடு லோடாகப் போகும். நாங்கள் குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டுக் கும்பிடு போடுவோம்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள், இருக்கன்குடிக்குப் பொங்கல் வைக்கப் போகிற சனம் வந்து நின்றது. ஆளாளுக்கு மடியில் கொஞ்சம் அரிசி. நான் பிடுங்க ஆரம்பித்தேன். உத்தரவு உத்தரவுதான் என்று வீராப்பு வேறு. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி மட்டும் முடிப்பை விடவில்லை.

"புள்ளைக்கு அம்மை எறங்குனதுக்கு நேந்துக்கிட்ட அரிசிய்யா. இதையும் புடுங்கிட்டா ஆத்தாளுக்கு என்னத்தப் பொங்குவேன்?"

பிடுங்கிவிட்டேன். அண்ணாச்சி எழுந்து வந்தார். "நேத்து லாரிக்குக் கும்பிடு போட்ட கைதானலே இது? குடுலே அதை!" முடிப்பை என்னிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். பிறகு கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார், கடைசி ஆள் தாண்டும்வரை.

மறுவாரம் விசாரணை. அதிகாரியும் நம்மூர்க்காரர்தான். "சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் உமக்கு மாரியாத்தா பொங்கல்மேல் என்னய்யா அக்கறை?" என்றார்.

"அந்த அம்மை வேதக்காரன் வீட்டுக்கு மட்டும் வராமலா இருக்கு?"

"நடந்ததற்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும், வேலை போகாது என்றார்கள். அண்ணாச்சி எழுதவில்லை. கட்டையைத் தூக்கியது அவர்தான் என்று சாட்சி சொன்னது நான். வேலை போயிற்று.

நாட்டில் கொடி மாறியது. அந்த நாற்காலியில் ஆள் மாறவில்லை. சில வருஷம் கழித்து அதே அதிகாரி, அதே ஒரு வரி கேட்டு என்னைத்தான் நாரணாபுரத்துக்கு அனுப்பினார். எழுதினால் வேலையும் உண்டு, பென்ஷனும் உண்டு. அண்ணாச்சி வீட்டில் அப்போது கஷ்டம். வெள்ளைத்தாளை நீட்டினேன். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"வருத்தம் இருந்தாத்தானலே எழுத? சாப்பிட்டியா நீ? வா, கஞ்சி குடிப்போம்."

சாட்சி சொன்னவனுக்குக் கஞ்சி ஊற்றினார். பாவி நான், குடித்தேன்.

இரங்கல் நோட்டீசில் வேலை போன கதை வேண்டாம், கௌரவக் குறைச்சல் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். யாருக்கு ஐயா குறைச்சல்? 'சர்க்கார் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்' என்று அவர் பெயருக்குக் கீழேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். கேட்பவர் என்னிடம் வந்து கேட்கட்டும்.

அந்த வெள்ளைத்தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று அதில் அந்த ஒரு வரியை எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.