மூன்று துறைகளும் ஓர் அட்டையும்

என் தங்கை றொசானா வென்றவை: அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து ஒரு பல்கலைக்கழக இடம், ஆங்கிலப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்திலேயே கலாநிதிப் பட்டம், ஹட்டன் பஸ்ஸில் எவ்வளவு நெரிசலிலும் ஜன்னலோர இருக்கை, கடைசியாக, மூன்று பேராசிரியர்கள். இருக்கையை விட அதுதான் கஷ்டம். நான் பக்கத்திலேயே நின்று பார்த்ததால் சரியாக எழுத முடியும்.

பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் றொசானா, சூழலியலுக்கென்று தனிப் பட்டப்படிப்பு தொடங்க ஆசைப்பட்டாள். காடு, தண்ணீர், மனிதர் எல்லாவற்றையும் ஒரே பிள்ளை சேர்த்துப் படிக்க வேண்டும். விலங்கியல், புவியியல், சமூகவியல் என்று மூன்று துறைத் தலைவர்களும் நல்ல யோசனை என்றார்கள். ஆனால் அது தங்கள் துறைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று ஆளுக்காள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கூட்டம் கூடினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், கலைந்தார்கள். இனி ஒரு மாதத்துக்குள் ஒத்துவராவிட்டால் திட்டத்தையே கைவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

எங்கள் தோட்டத்துக்கு மேலேயுள்ள காட்டோடையைக் காட்ட மூவரையும் கூட்டி வருவதாக றொசானா போன் செய்தாள்.

“அக்கா, அட்டை ஏறாம காலுல பூசுற சவுக்காரம் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் பூசுனா போதும். மிச்சத்த மடியில வச்சிக்கங்க.”

“அடிப்பாவி, பெரிய மனுசங்கடி!”

“அதனாலதான் சொல்றேன்.”

காடு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஓடையை அடைவதற்குள் சமூகவியல் மேடம் ஒற்றைக்காலில் குதித்தார். கணுக்காலில் அட்டை. அவர்கள் பேசியது சிங்களத்தில்; எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

“இது எந்தத் துறைக்குச் சேரும்? அவங்களே எடுத்து விடட்டும்” என்றாள் றொசானா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

விலங்கியல் சேர் பின்னால் நகர்ந்தார். “ஈரத்துனால வந்தது. புவியியல்தான்.”

“கடிபட்டது மனுசி. அது சமூகவியல்” என்றார் புவியியல் சேர்.

“ரெண்டு வருசமா எல்லாமே எங்களுக்குன்னீங்க. இப்ப ஒரு அட்டைய எடுக்க ஆளில்லையா?” என்றாள் றொசானா.

அதற்குள் சேர்மார் இருவரும் காற்சட்டையைத் தூக்கிப் பார்த்து அலறினார்கள். முதலில் சிரித்தது மேடம்தான்.

“போதும் றொசானா! யாருக்குக் கீழேயும் வேணாம். மூணு பேரும் சேர்ந்தே நடத்துறோம்.”

“சேர்மார் என்ன சொல்றீங்க?”

“சரி, சரி! முதல்ல இத எடுங்க!”

நான் மடியிலிருந்து சவுக்காரக் கட்டியை எடுத்துத் தேய்த்தேன்; அட்டைகள் கழன்று விழுந்தன.

கீழே இறங்கியபின் பேச்சை மாற்றுவார்கள் என்று பயந்தேன். மாற்றவில்லை. பொறுப்பையும் றொசானாவிடமே கொடுத்தார்கள். சூழலியல் பட்டப்படிப்பின் பொறுப்பாளர் என்று என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2024 ஜூன் 10, திங்கட்கிழமை.