கூரைக்கு மேலே குறுக்கே இரண்டு கம்பி

வேன் கூரைக்குக் குறுக்குக் கம்பி செய்து கொடுப்பவனிடம் யாரும் கம்பியைப் பற்றிப் பேசுவதில்லை. அதன் மேலே போன சாமானைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கினிகத்தேனையில் மெயின் ரோட்டு ஓரம் எங்கள் வெல்டிங் கடை. கேட், ஜன்னல் கிறில் என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய வேன்களுக்குக் கூரைக் கம்பி எங்கேயும் கிடைக்காமல் போனதும், "நீங்களே ஒன்னு செஞ்சு குடுங்க" என்று டிரைவர்மார் வர ஆரம்பித்தார்கள். வெட்டி ஒட்டுவது நான். பெயின்ட் அடிப்பதும் குறை கண்டுபிடிப்பதும் என் மனைவி செல்வி. சொந்தக் கையால் எதையாவது செய்து, அது பாதி வழியில் கழன்று, நடுரோட்டில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே வாசியுங்கள். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

நேரான கம்பி

முதலில் வந்தவர் ஸ்கூல் வேன் ஓட்டும் முருகேசு. பிள்ளைகளின் புத்தகப் பைகளை மேலே ஏற்ற வேண்டும் என்றார். டேப் பிடித்து அகலம் அளந்து, உள்ளே கூடாக இருக்கும் பொக்ஸ் பாரை வெட்டி, இரண்டு முனையிலும் கால் வைத்து ஒட்டினேன். கடைத் தரையில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு நேர். வேன் கூரை நடுவில் வயிறு மாதிரி உப்பியிருக்கும் என்பதை மட்டும் நான் அளக்கவில்லை. கம்பி அந்த வயிற்றின் மேல் படுத்துக்கொண்டது. கால் இரண்டும் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன.

தப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். "பாரம் ஏறினா தானா உக்காந்துரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாரம் ஏறியது, கால்களும் உட்கார்ந்தன. கூடவே கூரையும் உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம் கால்களை உயர்த்திப் புது ஜோடி மாட்டிக்கொண்டிருந்தபோது முருகேசு பக்கத்தில் நின்று சொன்னார்: "கம்பிக்கு ஏத்த மாதிரி கூரைய வளச்சுட்டீங்க, பரவாயில்லண்ணே. இப்ப மழத்தண்ணி அதுல நிக்குது. காலையில மூஞ்சி கழுவிக்கிறேன்."

பகல் சங்கு

அக்கரப்பத்தனைப் பக்கம் படிப்பிக்கும் ஆரோக்கியம் மாஸ்டருக்குச் சின்னக் கார். கம்பியின் முனைகளை மூடிவிடச் சொன்னாள் செல்வி. மூடினால் உள்ளே தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும் என்று பெரிய இன்ஜினியர் மாதிரி விளக்கம் கொடுத்துத் திறந்தே விட்டேன்.

இறக்கத்தில் கார் வேகம் பிடித்ததும் காற்று கம்பிக்குள் புகுந்து ஊதியிருக்கிறது. சின்ன விசில் இல்லை. ஃபெக்டரிச் சங்கு மாதிரி 'ஊ' என்று. மேல் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பகல் சங்கு என்று நினைத்து, கொழுந்துச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிறுவைக்கு இறங்கிவிட்டார்கள். பின்னாலேயே ஓடி வந்த கங்காணி, ரோட்டில் காரை மறித்து மாஸ்டரிடம் சொன்னாராம்: "நாளைக்கு நீங்க எத்தன மணிக்கு வருவீங்கன்னு இப்பவே சொல்லிருங்க மாஸ்டர். தராச நான் அந்த நேரத்துக்கே கொண்டாந்து வச்சுக்கிறேன்."

அலுமாரி

ஹட்டனிலிருந்து வலப்பனைக்குத் தங்கச்சியின் கல்யாண அலுமாரியைக் கொண்டுபோக லோகன் என்னிடம் கம்பி செய்துகொண்டான். இந்த முறை கூரையின் வளைவையும் அளந்தேன், முனையையும் மூடினேன். அலுமாரியைக் கயிறு போட்டு அவனே இறுக்கிக் கட்டினான். ரோடு வளையும் ஒரு முடக்கில் பஸ் எதிரே வர, பிரேக் பிடித்திருக்கிறான். வேன் நின்றது, அலுமாரி நிற்கவில்லை. கம்பியையும் கூட்டிக்கொண்டு, முன் கண்ணாடியைத் தாண்டித் தேயிலைச் செடிக்குள் போய்விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

கதவு உடைந்த அலுமாரியைக் கம்பியோடேயே கடைக்குக் கொண்டுவந்து இறக்கினான். அவனுக்குக் காயம் உண்டா என்று கேட்பதற்கு முன்னால் நான் குனிந்து என் வெல்டிங்கைப் பார்த்தேன். அதைச் செல்வி பார்த்தாள். லோகனும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நல்லா பாருங்கண்ணே. கம்பி காலோட ஒட்டியிருக்கு, அலுமாரி கம்பியோட ஒட்டியிருக்கு. வேனோடதான் எதுவுமே ஒட்டல."

கதவு

அதற்குப் பிறகு பீலியைப் பிடிக்கும் கிளிப்பை மாற்றி, போல்ட் போட்டு, முதலில் எங்கள் வேனிலேயே மாட்டிப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அடைமழை. செல்வியின் அண்ணன் கனகராஜ் இருக்கும் தோட்டத்து லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது, பொழுது சாய்வதற்குள் எல்லாரும் ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார். நாங்கள் வேனை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

மெத்தை, டீவி, சாமி படம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டு வெளியே நிற்கிறார்கள். மச்சான் மட்டும் லயத்தில் தன் வீடான ஒற்றைக் காம்பரா வாசலில் குந்திக்கொண்டு, கதவை நிலையோடு பிடிக்கும் பிணைச்சலைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய கதவு உளுத்துப்போய், தோட்ட நிர்வாகத்திடம் புதுசு கேட்டுக் கேட்டு அலுத்து, அவரே பலகை அறுத்துச் செய்த கதவு அது. "மேல மண்ணு வெடிச்சு நிக்குது, நீ கதவ கழட்டுறியாண்ணே!" என்று செல்வி கத்தினாள், அழுதாள். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. காலடியில் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. அவரை இழுப்பதைவிட ஆணியைக் கழற்றுவது சீக்கிரம் முடியும் என்று தோன்றியது. நானும் குந்தினேன். கதவைக் கம்பி மேல் படுக்கப் போட்டுக் கட்டினோம். ஸ்கூல் போய்ச் சேரும்வரை, மேலே ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒன்றும் அசையவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தால் லயத்தின் கடைசி மூன்று காம்பரா மண்ணுக்குள். மச்சானுடையதும் அதில் ஒன்று. உயிர்ச்சேதம் இல்லை. ஸ்கூல் ஹோலில் மறைப்பு எதுவும் இல்லாததால், அந்தக் கதவை மூலையில் சாய்த்துவைத்து அதன் பின்னால்தான் பெண்கள் உடுப்பு மாற்றினார்கள். சேதம் எழுத வந்த அதிகாரி, வீடு முழுதாகப் போய்விட்டதா என்று மச்சானிடம் சிங்களத்தில் கேட்டார். மச்சானும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அதைத் தமிழில் சொன்னால் இதுதான்: "வீடு தோட்டத்தோடதுங்க சேர், போனது அவங்களுக்குத்தான். என்னோடது கதவு மட்டும். அது பத்திரமா இருக்கு."

கூரை மேல் எதையும் கழலாமல் கட்டி அனுப்ப இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்கூலிலிருந்து வந்து எங்கள் கடையில் சாய்ந்து நிற்கும் அந்தக் கதவைக் கொண்டுபோய் மாட்டத்தான் மச்சானுக்கு இன்னும் ஒரு சுவர் வந்து சேரவில்லை.