விடுப்புக் கேட்ட அன்ரி

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வேண்டும் என்று முதலில் கேட்டது நான் இல்லை, அம்மா. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே ஒழுங்கு. பிற்காலத்தில் எல்லோரும் அது என்னுடைய பிடிவாதம் என்றே கதைத்தார்கள். அப்போது நாங்கள் அன்புவழிபுரத்தில் இருந்தோம். சண்டைக் காலம். ஒழுங்கைக்குள் யார் வந்தாலும் வாசல் படலையடிக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு நாய் இருந்தால் முன்னமே குரைத்துச் சொல்லும் என்பது அம்மாவின் கணக்கு.

அம்மாவின் பயம் மாமாவைப் பற்றியது. அம்மாவின் தம்பியான அவர் மூதூரில் இருக்க முடியாமல் எங்களிடம் வந்து தங்கியிருந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று படையினரிடம் பதிய வேண்டிய நாட்கள் அவை. மாமாவைப் பதியப் போனால், ஊரை விட்டு இந்த இளந்தாரி ஏன் வந்தான் என்று கேட்பார்கள். பதியாமல் பிடிபட்டால் அவரோடு சேர்த்து அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்பா பதியவில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்துகொண்டது. அன்று எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: யார் கேட்டாலும் வீட்டில் மூன்று பேர். மாமா விருந்தாளி, விருந்தாளியை எண்ணக்கூடாது. அது சோறு போடும்போது விருந்தாளிக்கு முதலில் போடுவதைப் போல ஒரு மரியாதை என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அவரோடு வேலை செய்த ஒருவர், உட்துறைமுக வீதிப் பக்கம் ஓர் அன்ரி அல்சேஷன் நாய் வளர்த்துக் குட்டிகள் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் சைக்கிளில் போனோம்.

அன்ரி குட்டிகளைக் காட்டுமுன் தாயைக் காட்டினார். அது எழுந்து வந்து அப்பாவின் காற்சட்டையை மணந்து பார்த்துவிட்டு, திருப்தியோ இல்லையோ, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. குட்டிகள் அதன் முதுகில் ஏறுவதும் விழுவதுமாக இருந்தன. ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருந்த குட்டியை நான் மனதுக்குள் எடுத்துக்கொண்டேன். அன்ரி எங்களுக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"வீடு எங்க, தம்பி?"

"ரவுன் பக்கம்தான், அக்கா."

"ரவுன் பெரிசெல்லோ. எந்த ஒழுங்கை?"

அப்பா இருமினார். அன்ரி இருமல் முடியும்வரை பொறுத்திருந்தார்.

"வீட்டில எத்தினை பேர்?"

"மூண்டு பேர்."

"பகலில ஆர் வீட்டில நிக்கிறது?"

"ஏன் கேக்கிறீங்கள், அக்கா?"

"குட்டி தனியக் கிடந்து கத்தக்கூடாது, அதுக்குத்தான். மதிலோ, வேலியோ? வேலியெண்டால் பொட்டு ஏதும் இருக்கோ?"

பின்வேலியில் ஒரு பொட்டு இருந்தது. மாமா அவசரத்துக்கு நுழைந்து போவதற்காக அப்பாவே வெட்டி வைத்தது. "இல்லை" என்றார் அப்பா. அவருடைய குரல் வேறு ஆளின் குரல் போல இருந்தது.

"கடைசியா ஒண்டு. திடீரெண்டு ஓட வேண்டி வந்தா, நாயைக் கூட்டிக்கொண்டு போவீங்களோ, கட்டிப்போட்டிட்டுப் போவீங்களோ?"

அப்பா எழுந்துவிட்டார். "ஏன், ஓட வேண்டி வருமெண்டு ஆரும் சொன்னவையோ?"

"ஆர் சொல்ல வேணும்? போனமுறை சனம் நாயளைக் கட்டிப்போட்டிட்டு ஓடினதைப் பாத்தனாங்கள்தானே."

குட்டிகள் இன்னும் மூன்று கிழமை தாயோடு நிற்க வேண்டும் என்றும், அதற்குள் தான் ஒருமுறை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றும் அன்ரி சொன்னார். அப்பா சரி சரி என்று தலையாட்டியபடியே படலைவரை வந்துவிட்டார். திரும்பும்போது, வந்த வழியை விட்டு வேறு தெருக்களால் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மாமா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். வேண்டாத விசாரிப்பை எங்கள் ஊரில் விடுப்பு என்பார்கள்.

"நாய் விக்கிறவவுக்கு இவ்வளவு விடுப்பு எதுக்கு, அத்தான்? வீட்டை வந்து பாக்க வேணுமாமோ! நாயைத் தர வாறாவோ, என்னைப் பாக்க வாறாவோ?"

"உன்ர மூஞ்சையைப் பாத்தா, நாயைத் தர மாட்டனெண்டு திரும்பிப் போயிடுவா" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எழுந்து போய் ஒழுங்கைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த கிழமை பஸ் நிலையத்துக்கு அருகே, சைக்கிளில் மீன் பெட்டி கட்டிய ஒருவரிடம் அப்பா குட்டி வாங்கினார். பெட்டிக்குள் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தாயைப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். "தாய் பொல்லாதது ஐயா, ஆளைக் கண்டா கடிக்கும். அதின்ர குணம்தான் குட்டிக்கும் வரும்" என்றார் அவர். குட்டியின் வயிறு ஊதியிருந்ததை நான் காட்டியபோது, நன்றாகப் பால் குடித்த வயிறு என்றார். வீடு எங்கே என்று கேட்கவில்லை. எத்தனை பேர் என்று கேட்கவில்லை. அவர் எந்த ஊர் என்று நாங்களும் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஒன்றும் கேட்காதவர்தான் நல்ல மனிதர். மாமாவும் குட்டியைத் தூக்கிப் பார்த்து, "இதெல்லோ வியாபாரம்" என்றார்.

இரண்டு நாள் குட்டி என் பின்னால் தள்ளாடித் திரிந்தது. பிறகு பாலைக் கக்கியது. அதற்குப் பிறகு இரத்தமாகக் கழிந்தது. மிருக வைத்தியர் லீவில் கொழும்புக்குப் போயிருந்தார். அம்மா குட்டியைத் துவாயில் சுற்றி என் மடியில் வைத்து, "அந்த அன்ரியிட்டயே கொண்டுபோங்கோ" என்றார். மாமா வாயைத் திறந்தார். அம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அன்ரி எங்களைக் கண்டதும், "அங்கயே நில்லுங்கோ, உள்ளுக்கு வர வேண்டாம்" என்று கத்தினார்.

"அண்டைய கோவம் போல" என்று அப்பா முணுமுணுத்தார்.

அன்ரி வெளியே வந்து படலையைச் சாத்தினார். "என்ர குட்டியளுக்கு இன்னும் ஊசி போடேல்லை, தம்பி. தொத்தினா எல்லாம் போயிடும்." குட்டியின் வாயைத் திறந்து பல் முரசைப் பார்த்தார். வெளிறியிருந்தது.

"இதின்ர தாயைப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"தந்த ஆள் எந்த ஊர்?"

"கேக்கேல்லை."

"அவர் உங்களை ஏதும் கேட்டவரோ?"

"ஒண்டும் கேக்கேல்லை, அக்கா" என்றார் அப்பா, நிலத்தைப் பார்த்தபடி.

அன்ரி ஏசவில்லை. "பிழைக்குமெண்டு சொல்ல மாட்டன். உப்பும் சீனியும் போட்ட தண்ணியைத் தேக்கரண்டியால விடாமப் பருக்க வேணும். ஒராளால ஏலாது, மாறி மாறி இருக்க வேணும். தொட்ட ஆக்கள் எல்லாரும் கைகால் கழுவி, உடுப்பையும் அவிக்க வேணும். சரியாச் சொல்லுங்கோ, வீட்டில எத்தினை பேர்?"

அப்பா வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குட்டியைப் பார்த்தார்.

"நாலு பேர், அக்கா."

அன்ரி தலையசைத்தார். முன்பு மூன்று என்றீர்களே என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்ட அவர் அந்த ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டார்.

குட்டி மறுநாள் செத்துப்போனது. ஆனால் அன்று சைக்கிள் கரியரில் இருந்து திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விருந்தாளியை எண்ணக்கூடாது. அப்படியென்றால் நாலாவது ஆள் என் மடியில் துவாய்க்குள் கிடப்பதுதான். அப்பா உன்னை வீட்டு ஆளாகச் சேர்த்துவிட்டார் என்று குனிந்து அதன் காதுக்குள் சொன்னேன்.