பஸ் போகும் ஊரா, ஒன்றியம் இருக்கும் ஊரா: கோவில்பட்டி முதல் விளாத்திகுளம் வரை

கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாய்க் கடை தேடி இங்கே வந்தவர்கள் மன்னிக்கவும். நான் போனது ஊர்களைச் சரிபார்க்க. 2008 செப்டம்பர் கடைசி. ஊர்ப் பெயரைத் தட்டினால் அது எந்த ஊராட்சி, எந்த ஒன்றியம், எந்த வட்டம் என்று காட்டும் தேடுபக்கம் ஒன்றை நானும் ஒரு நண்பரும் சொந்தமாகச் செய்து வைத்திருந்தோம். அரசாங்கப் பட்டியலில் சரியாகக் கிடைக்காத கரிசல்காட்டு ஊர்களை மதுரையில் உட்கார்ந்தபடி போனிலேயே விசாரித்து நிரப்பிய சோம்பேறி நான்தான். ரொம்ப நாளாக அது உறுத்திக்கொண்டிருந்தது.

மாட்டுத்தாவணியில் காலை 9.30க்கு பஸ். நூறு கிலோமீட்டர், முப்பத்திரண்டு ரூபாய், 12.10க்கு இறங்கினேன். சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கறுப்பு மண்தான். மழைக்கு முந்தியே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள். எனக்கு இந்த வெட்டவெளி ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் தூங்கலாம்.

சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தால், கடைக்கார அண்ணாச்சி எங்கள் தேடுபக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தார்! ஒரு ஊருக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாராம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘நான் செய்ததுதான்’ என்று பீற்றிக்கொள்ள வாயெடுத்தபோது ஒரு பெண் வேகமாகப் படியேறி வந்தார்.

முத்துமாரி. முப்பது வயதிருக்கும். தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அவருடைய ஊரான சின்னக்கரிசல்குளத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளர் வேலை ஒன்று காலி. விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள், அதுவும் மாலை 5.45 வரை.

“அண்ணாச்சி, ஒங்க பேப்பர்ல கோவில்பட்டி ஒன்றியம்னு போட்டிருக்கு. அங்கன போனா, ஒங்க ஊரு விளாத்திகுளம்லா, அங்கன போய்க் குடுன்னு சொல்லுதாவ.”

“ஒன் ஊரு எதுல இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா தாயி?”

“தெரியும். விளாத்திகுளம்னுதான் நான் சொன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீய?”

எனக்குக் காது சுட்டது. கம்ப்யூட்டர் எங்கே சொன்னது, நான் சொன்னது அது. “தப்பு என்னோடதுங்க, இதை எழுதினது நான்தான். வாங்க, 2.50க்கு பஸ் இருக்காம், நானும் வர்றேன்” என்றேன்.

முத்துமாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “இருங்க சார். காலையில செல்வியும் இதே பேப்பர வாங்கிட்டுப் போயி, விண்ணப்பத்த அங்கன பெட்டிக்குள்ள போட்டுட்டு ஊருக்குப் போயிட்டா. அதையும் எடுத்துக்கிட்டுத்தான் வருவேன்.”

ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஒன்றிய அலுவலகத்தில் பெட்டியைத் திறக்க வேண்டியவர் சாப்பிட்டுவிட்டு வர அரை மணி நேரம். உறையை எடுத்துப் பார்த்து, “இதுவும் எங்களுது இல்ல, கொண்டு போங்க” என்று கொடுத்துவிட்டார். 2.50 போயே போய்விட்டது. அடுத்த பஸ் 3.35க்கு. எட்டயபுரம் வழி, சுமார் முப்பத்தாறு கிலோமீட்டர், பதினோரு ரூபாய்.

நான் நிமிஷத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தேன். முத்துமாரி இரண்டு உறைகளையும் மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

“செல்வி உங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல, ஒரே தெரு. அவளும் இதே வேலைக்குத்தான் எழுதிப் போட்டிருக்கா.”

“வேலை ஒண்ணுதானே இருக்கு?”

“ஆமா. அதுக்காவ அவ பேப்பர் அந்தப் பெட்டிக்குள்ளயே கெடக்கட்டும்னு விட்டுட்டு வரச் சொல்லுதீயளா?”

சற்று நேரத்தில் முன் இருக்கை அம்மா திரும்பி, “எந்த ஊரு தாயி?” என்று கேட்க, “கோவில்பட்டி” என்றார் முத்துமாரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, துணி எடுக்க, எல்லாத்துக்கும் அங்கனதான போறோம்? யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவோம்.”

போனில் எனக்கு வந்த பதிலும் இதுதான். வாழ்கிற ஊரைச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை ஒன்றியம் என்று எழுதிக்கொண்டேன்.

எட்டயபுரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது சீக்கிரம் வரச் சொல்லி அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. 5.10க்கு விளாத்திகுளம். ஓட்டமும் நடையுமாக ஒன்றிய அலுவலகம் போய் 5.25க்கு உறைகளை நீட்டினோம். எழுத்தர் இரண்டையும் புரட்டிப் பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முத்துமாரி ஊருக்கு பஸ் ஏறினார். நான் கோவில்பட்டி திரும்பி அறை எடுத்தேன், இருநூறு ரூபாய். மறுநாள் அண்ணாச்சி கடையிலேயே உட்கார்ந்து முதலில் சின்னக்கரிசல்குளத்தைத் திருத்தினேன்.

ஊர் விவரம் சேகரிக்கப் போகிறவர்களுக்கு: தயவுசெய்து போனை நம்பாதீர்கள். ‘உங்களுக்கு எந்த ஊர்’ என்று கேட்டால் பஸ் போகும் ஊரைத்தான் சொல்வார்கள். வீட்டு வரி ரசீதை வாங்கிப் பாருங்கள், ஒன்றியத்தின் பெயர் அதில் இருக்கும். கிராமத்து பஸ்களில் ஒன்றை விட்டால் முக்கால் மணி நேரம் போச்சு. தண்ணீர் கையில் இருக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சியிடம் போனில் விசாரித்தேன். வேலை செல்விக்குக் கிடைத்ததாம். “முத்துமாரி?” என்றேன்.

“தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் வந்து போவுது. நேத்து கடைக்கு வந்துச்சே. செல்வியோட வேலை உத்தரவ ஜெராக்ஸ் எடுக்க ரெண்டு பேரும் சேந்துதான் வந்தாவ.”