நிரோஷா படித்த ஏலத்தாள்

கண்டி மஹய்யாவையில் நிரோஷா வீடு எது என்று கேட்டால், "எந்த நிரோஷா?" என்பார்கள். ஜப்பான் நிரோஷா என்றால் உடனே கைகாட்டிவிடுவார்கள். இத்தனைக்கும் அவள் ஜப்பானுக்குப் போனதே இல்லை.

போவதற்காகத்தான் மொழி படித்தாள். அங்கே முதியோரைப் பராமரிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாரநாளெல்லாம் துணிக்கடையில் நின்று, ஞாயிறுதோறும் கண்டி டவுனில் வகுப்புக்குப் போனாள். இரண்டு வருடத்தில் பரீட்சையும் பாஸ். விசாவுக்குக் கடிதம் வந்த மாதம், அப்பா அழகையாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அங்க போயி யாரோ ஒருத்தரோட அப்பாவ பாத்துக்கத்தானே போறேன்? எங்க அப்பாவ இங்கயே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடவுச்சீட்டை அலுமாரிக்குள் வைத்தாள். அதற்காக அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

படித்த மொழி வேறு வழியில் சோறு போட்டது. ஜப்பானில் பழைய கார் ஒன்று ஏலத்துக்கு வருமுன் பரிசோதகர் ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்து, எங்கே கீறல், எங்கே அடி, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று ஒரு பக்கத்தில் எழுதுவார். அதுதான் ஏலத்தாள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கார் விற்கும் ஓரிடத்தில் அந்தத் தாள்களை மொழிபெயர்க்க அவளை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் முதலாளி ஒரு வரியில் விரலை வைத்து, "இத மட்டும் விட்டுட்டு மத்தத எழுதுங்க" என்றார். அடிச்சட்டம் நசுங்கித் திருத்தப்பட்டது என்ற வரி அது. அன்று மத்தியானமே சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன்பிறகு விற்பவர் எவருக்கும் அவள் வேலை செய்யவில்லை. வாங்குபவருக்காக மட்டும் பார்த்துச் சொன்னாள்.

சென்ற வருடம் ஒரு ஞாயிறு காலை, மடவளையில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்யும் ரஸீன் ஹாஜியார் அவளைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போனார். அங்கே அஸ்ஃபர் என்பவரிடம் வெள்ளை நிற சொகுசுக் கார் ஒன்று விலைக்கு இருந்தது. வழியெல்லாம் ஹாஜியார் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

"மனசு அதுலயே ஈக்கு மகள். சும்மா ஒருக்கா பார்த்து, நல்லம்னு சொல்லிடுங்க."

"பாத்துட்டுத்தான் சொல்வேன் ஹாஜியார்" என்றாள் நிரோஷா.

அஸ்ஃபர் பண்பான மனிதர். தேநீர் கொடுத்தார். கேட்காமலேயே ஏலத்தாளைக் கொண்டுவந்து நீட்டினார். தரத்துக்கு நாலரைப் புள்ளி, நாற்பத்தோராயிரம் கிலோமீற்றர், குறையென்று ஒன்றுமில்லை. அவள் தாளின் மேல்மூலையில் இருந்த திகதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெய்வா முதலாம் ஆண்டு, பெப்ரவரி.

ஜப்பானில் சக்கரவர்த்தி மாறினால் ஆண்டுக் கணக்கின் பெயரும் மாறும். ரெய்வா தொடங்கியது 2019 மே மாதத்தில். அதே வருடம் பெப்ரவரியில் உட்கார்ந்து தாள் எழுதிய எவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. இதைப் பின்னால் யாரோ தயாரித்திருக்கிறார்கள்.

அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சேஸிஸ் இலக்கத்தைப் படமெடுத்து, ஏலப் பதிவுகளைத் தேடிக் கொடுக்கும் இடத்துக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை முன் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தாள். சாதாரணமாக யாரும் இழுக்காத அளவுக்கு, அடிவரை இழுத்தாள். கடைசி ஒரு சாண் பட்டியில் மண்ணிறமாக ஒரு கோடு ஓடியது. சீட் நகரும் இரும்புத் தண்டில் துரு. அப்போது போனில் உண்மையான தாள் வந்து விழுந்தது. புள்ளி போடப்படவில்லை. குறிப்புக் கட்டத்தில், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று எழுதியிருந்தது.

ஹாஜியாரைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் முற்றத்தில் அஸ்ஃபரின் சின்னப் பிள்ளைகள் இருவர் அந்தக் காரின் கதவைத் திறந்து ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஹாஜியாரையும் அஸ்ஃபரையும் உட்காரச் சொல்லி, இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்து விளக்கினாள்.

அஸ்ஃபரின் முகம் வெளுத்துவிட்டது. "நான் களவு செய்யல்ல மிஸ். கொழும்புல ஒராள்ட்ட வாங்கக்குள்ள இந்தத் தாளைத்தான் தந்தாங்க."

"நீங்க செஞ்சீங்கன்னு நான் சொல்லல. மழைக்குக் கண்ணாடி ஏறாம நிக்குதா? வார்னிங் லைட் வந்து வந்து போகுதா?"

அவர் திகைத்துப் போனார். "ரெண்டு கராஜுல காட்டினேன். சென்சர்ன்னு சொன்னாங்க."

"உள்ளுக்கு வயரெல்லாம் தண்ணி குடிச்சிருக்கு. ஏர்பேக் வேலை செய்யுமோ செய்யாதோ. அத பாக்குற வரைக்கும் புள்ளைங்கள இதுல ஏத்தாதீங்க."

அஸ்ஃபர் எழுந்து போய்ப் பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்கிவிட்டு வந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "இத வெளிய சொல்லுவீங்களா?"

"நானா போயி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இந்த நம்பர கொண்டுவந்து யாராவது கேட்டா, ஒளிக்கவும் மாட்டேன்."

திரும்பும் வழியில் பேராதனை தாண்டியதும் ஹாஜியார் சொன்னார்: "கோவம் வந்திச்சு மகள், உங்கமேலயே. ஆசைய உடைச்சிட்டீங்கண்டு. இப்ப யோசிச்சா, அந்தப் புள்ளைகள்ட இடத்துல என்ட பேரப்புள்ளைகள் இருந்திருப்பாங்க."

மூன்றாம் நாள் அஸ்ஃபர் ஒரு படம் அனுப்பினார். ஸ்டீயரிங்கைக் கழற்றி எடுத்த படம். ஏர்பேக்குக்குப் போகும் இணைப்பு பச்சைப் பாசி பிடித்ததுபோல அரித்துப் போயிருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "இவ்வளவு நாளும் இதுலதான் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோனேன்." அந்தக் காரை அவர் ஓடும் வண்டியாக விற்கவில்லை. உண்மையான தாளையே காட்டி, உதிரிப்பாகங்களுக்காகக் கழற்றுபவர் ஒருவருக்குக் கொடுத்தார். பெரிய நட்டம்தான். அதைப் பற்றி நிரோஷாவிடம் ஒரு வார்த்தைகூடக் குறைபட்டுக்கொள்ளவில்லை.

ஹாஜியாருக்காக அவள் அதன்பின் மூன்று கார்கள் பார்த்தாள். மூன்றுக்கும் வேண்டாம் என்றாள். நாலாவது, சாம்பல் நிறக் கார். அதன் பதிவு வந்தபோது குறிப்புக் கட்டத்தில் பின் பம்பரில் ஒரு கீறல் என்று மட்டும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. வாங்குங்கள் என்று சொல்லத்தான் பயம். பெல்ட்டுகளை மறுபடி இழுத்துப் பார்த்தாள், தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள், தாளை முதல் எழுத்திலிருந்து இன்னொரு முறை படித்தாள். ஹாஜியார் குடையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். இந்த முறை அவர் அவசரப்படுத்தவில்லை.

"எடுங்க ஹாஜியார். இது நல்ல வண்டி" என்றாள் கடைசியில்.